லேசர் ஆய்வகத்துக்கு ஏற்காட்டுக் குளிர் தேவையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் ஃபைபர் லேசரை நிலைப்படுத்தும் (அதன் ஒளியின் அதிர்வெண்ணை அசையாமல் பிடித்து வைக்கும்) ஆய்வகம் ஒன்று அமைப்பதானால் அதை ஏற்காட்டில்தான் அமைக்க வேண்டும், அங்கே இயற்கையாகவே குளிர்ச்சி இருக்கிறது, ஏ.சி. செலவும் மிச்சம் என்று வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். ஊர்மேல் உள்ள அக்கறையில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் சொன்ன காரணம் சரியில்லை. இந்த வேலைக்குக் குளிர் ஒரு பொருட்டே அல்ல. அறை 18 டிகிரியில் இருந்தாலும் 32 டிகிரியில் இருந்தாலும் கவலையில்லை, அந்த வெப்பநிலை மாறாமல் இருந்தால் போதும். இடமும் பணமும் ஒதுக்கப் போகும் கல்லூரிகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

எர்பியம் கலந்த கண்ணாடி இழையில் இயங்கும் 1550 நானோமீட்டர் லேசரின் ஒளி நொடிக்குச் சுமார் 193 லட்சம் கோடி முறை அதிர்கிறது. நல்ல லேசராக இருந்தால், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குப் பார்க்கும்போது அந்த அதிர்வெண்ணின் அகலம் சில கிலோஹெர்ட்ஸ்தான் இருக்கும். அதுவே பெரிய விஷயம்தான். ஆனால் அந்த இழை 1 டிகிரி சூடேறினால் அதிர்வெண் 1 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் நகர்ந்துவிடும். டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறினாலே 1 மெகாஹெர்ட்ஸ் போய்விடும். பக்கத்தில் ஒருவர் இருமினாலும் இழை அதைக் கேட்கும். அணுக் கடிகாரம், ஈர்ப்பு அலைக் கருவி, நீளமான ஃபைபர் கேபிளை வைத்தே நிலநடுக்கத்தைப் பிடிப்பது போன்ற வேலைகளுக்கு இந்தத் தள்ளாட்டம் ஆகாது. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் அமையவிருக்கும் லைகோ-இந்தியா ஈர்ப்பு அலை ஆய்வகத்துக்கும், 2023-இல் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் இயக்கத்தின் கடிகாரப் பணிகளுக்கும் இந்தத் தொழில்நுட்பம் தெரிந்த கைகள் தேவைப்படும். சேலத்துப் பிள்ளைகள் ஏன் அதில் இருக்கக்கூடாது?

லேசரைப் பிடித்து நிறுத்தும் முளை, கேவிட்டி. இரண்டு ஆடிகளை எதிரெதிரே நிறுத்தி, ஒளியை இடையில் பல்லாயிரக்கணக்கான முறை போய்வர விடுவது. ஆடிகளுக்கு இடையே 10 செ.மீ. இருந்தால் 1.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு முறை ஒத்ததிர்வு (ஒளி உள்ளே பெருகி நிற்கும் அதிர்வெண்) வரும். ஒவ்வோர் ஆடியும் பத்து லட்சத்தில் 10 பங்கு ஒளியை மட்டும் இழந்தால் ஃபினெஸ் (ஒத்ததிர்வுகளின் இடைவெளியை ஓர் ஒத்ததிர்வின் அகலத்தால் வகுத்த எண்) 3 லட்சத்தைத் தொடும். அப்போது ஒவ்வோர் ஒத்ததிர்வின் அகலம் 5 கிலோஹெர்ட்ஸ். இதைக் கடைக்காரர் கொடுக்கும் சீட்டில் பார்த்து நம்ப வேண்டியதில்லை. ஒளியைச் சட்டென்று நிறுத்திவிட்டு, ஆடியின் பின்புறம் கசியும் ஒளி எவ்வளவு நேரத்தில் தேய்கிறது என்று ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள். 32 மைக்ரோநொடியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தால் சீட்டில் உள்ளது உண்மை. 10 மைக்ரோநொடிதான் வருகிறதென்றால் ஆடியில் தூசி உட்கார்ந்திருக்கிறது.

லேசர் 1 ஹெர்ட்ஸுக்குள் நிற்க வேண்டுமானால் அந்த 10 செ.மீ. நீளம் அரை ஃபெம்டோமீட்டருக்கு மேல் மாறக்கூடாது. ஒரு புரோட்டானின் விட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. ஆகவே லேசரை வாங்குவது இதில் சுலபமான பகுதி. பட்ஜெட்டின் பெரும்பங்கை விலையுயர்ந்த லேசரில் போட்டுவிட்டு, கேவிட்டியைச் சாதாரண மேசையில், சாதாரண அறையில் வைத்தால் கிலோஹெர்ட்ஸ் லேசர் கிலோஹெர்ட்ஸ் லேசராகவே இருக்கும்.

இனி வெப்பநிலைக்கு வருவோம். கேவிட்டியின் உடல் சாதாரண சிலிக்கா கண்ணாடியில் இருந்தால் 1 டிகிரிக்கு 100 மெகாஹெர்ட்ஸ் ஓடும். எனவே டைட்டானியம் ஆக்சைடு கலந்த யு.எல்.இ. கண்ணாடியில் செய்கிறார்கள். இந்தக் கண்ணாடிக்கு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் விரிவு சுழியாகும். அந்தச் சுழிப்புள்ளியில் வைத்துவிட்டால் சிறு ஏற்ற இறக்கம் நீளத்தைத் தொடாது. புள்ளியிலிருந்து 1 டிகிரி தள்ளி வைத்தால், டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அசைவும் 450 ஹெர்ட்ஸ் அளவுக்குத் தள்ளிவிடும். இங்கேதான் சேலத்துக்காரர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு ஆய்வகங்கள் 20, 22 டிகிரி அறையை மனதில் வைத்து ஆர்டர் கொடுக்கின்றன. அதே கேவிட்டியை இங்கே வாங்கிவந்தால் சித்திரை வெயிலில் அதைக் குளிர்விக்க வேண்டிவரும். குளிர்விக்கப் பெல்டியர் தகடு (மின்சாரம் பாய்ந்தால் ஒருபுறம் குளிர்ந்து மறுபுறம் சூடாகும் தகடு) வேண்டும். பெல்டியரின் மறுபுறம் வெளிவரும் சூட்டை எங்காவது அனுப்ப வேண்டும். வெளிச்சுவரில் பனி வியர்க்கும். சூடாக்குவதோ ஒரு ஹீட்டர் கம்பியும் வெப்பநிலையை அளக்கும் ஒரு தெர்மிஸ்டரும் முடிக்கிற வேலை. ஆகவே ஆர்டரிலேயே சுழிப்புள்ளி 30-லிருந்து 35 டிகிரிக்குள் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். அறையை ஏ.சி. போட்டு 26-இல் வைத்துக்கொண்டு, கேவிட்டியை அதற்கு மேல் சூடாக்கி நிறுத்திவிடலாம். வெப்ப இரைச்சலைக் குறைக்கச் சிலிக்கா ஆடி ஒட்டுவதாக இருந்தால், அது சுழிப்புள்ளியை வெகுவாகக் கீழே இழுத்துவிடும். அதைச் சரிக்கட்ட ஆடியின் பின்புறம் யு.எல்.இ. வளையம் ஒட்டித் தருவார்கள். கேட்டால்தான் தருவார்கள்.

சுழிப்புள்ளி எங்கே என்பதை வந்த பிறகு அளந்தே தீர வேண்டும். 2 டிகிரி ஏற்றுங்கள், ஒரு முழு நாள் காத்திருங்கள், லேசரின் அதிர்வெண்ணை இன்னொரு நிலையான ஒளியோடு ஒப்பிட்டுக் குறியுங்கள். இப்படி ஐந்தாறு புள்ளிகள் வைத்தால் பரவளையம் வரும், அதன் முனையே சுழிப்புள்ளி. அவசரப்பட்டால் தவறான முனை கிடைக்கும். வெற்றிடத்துக்குள் இரண்டு மூன்று அடுக்குப் பளபளப்பான உலோகக் கவசங்களுக்கு நடுவே இருக்கும் கேவிட்டிக்கு வெளிச்சூடு போய்ச்சேர மணிக்கணக்கில் ஆகும். அந்தத் தாமதம்தான் அதற்குப் பாதுகாப்பு, அளப்பவருக்கோ பொறுமைச் சோதனை.

ஏ.சி.யைப் பற்றி ஒரு வார்த்தை. அறைச் சுவரில் மாட்டும் ஏ.சி.யின் கம்ப்ரஸர் நின்று நின்று ஓடும்போது அறை ஒரு டிகிரி மேலும் கீழும் போகும். அதன் காற்று நேராக மேசைமேல் பட்டால் பத்திருபது நிமிடத்துக்கு ஒரு முறை அதிர்வெண் ஏறி இறங்குவதை வரைபடத்தில் அப்படியே காணலாம். இன்வெர்ட்டர் வகை பரவாயில்லை. அதைவிட, மேசையைச் சுற்றி 18 மி.மீ. பலகையில் உள்ளே ஒலியுறிஞ்சும் பஞ்சு ஒட்டிய பெட்டி ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்துவிட்டால் காற்றும் பேச்சுச் சத்தமும் ஒன்றாக அடங்கும். பெட்டிக்குள் ஃபேன் உள்ள எந்தக் கருவியும் வேண்டாம்.

வெற்றிடம் ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள். காற்று அழுத்தம் ஒரு மில்லிபாரில் 10 கோடியில் ஒரு பங்கு மாறினாலே ஒளிவிலகல் எண் வழியாக அரை ஹெர்ட்ஸ் நகரும். எனவே 10 கோடியில் சில பங்கு மில்லிபார் அளவுக்கு இறக்கி, அங்கேயே நிறுத்த வேண்டும். முதலில் வேகமாகச் சுழலும் டர்போ பம்பில் இறக்கி, கேவிட்டி தாங்கும் அளவுக்கு மிதமாகச் சூடாக்கி வாயுவை வெளியேற்றி, பிறகு வால்வை மூடி டர்போவைக் கழற்றிவிட வேண்டும். சுழலும் பம்பு பக்கத்தில் இருக்கவே கூடாது. அதன் பிறகு, வாயுவை மின்னூட்டிப் பிடித்துக்கொள்ளும் அயன் பம்பு மட்டும். அதில் அசையும் பாகமே இல்லை. சன்னல் கண்ணாடிகள் அரை டிகிரி ஆப்பு வடிவில், எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சோடு இருக்கட்டும். தட்டையான சன்னலில் இருந்து திரும்பும் ஒளி தனியே ஒரு போலிக் கேவிட்டியை உண்டாக்கி, நாள் முழுக்க ஆட்டம் காட்டும்.

அடுத்தது அதிர்வு. இதில்தான் சேலத்துக்கென்று ஒரு தலைவலி உண்டு: விசைத்தறி. தறி நிமிடத்துக்கு 120, 150 முறை அடித்தால் அது நொடிக்கு 2-லிருந்து 2.5 முறை. ஆய்வகங்களில் வழக்கமாக வாங்கும் காற்றழுத்தக் கால் மேசையின் சொந்த அதிர்வும் 1-லிருந்து 2 ஹெர்ட்ஸ் பக்கம்தான் இருக்கும். அதாவது தறியின் அடியை அந்த மேசை தடுக்காது, சில வேளை கூட்டியே கொடுக்கும். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை பக்கம் தறிக்கூடத்துக்கு அருகே உள்ள கட்டடத்தில் விலையுயர்ந்த மேசை போட்டும் பயனில்லாமல் போகக்கூடும் என்பதற்கு இதுவே காரணம். சொந்த அதிர்வு அரை ஹெர்ட்ஸில் உள்ள எதிர்விறைப்பு மேடை (சுருள்வில்லின் விறைப்பைக் குறைத்து மெதுவாக ஆடவிடும் மேடை) என்றால் 2 ஹெர்ட்ஸ் அடி பதினைந்தில் ஒரு பங்காகக் குறையும். இல்லையென்றால் உணர்ந்து எதிர்த்தள்ளும் மின்னணு மேடை. எதுவானாலும் தரைத்தளத்தில், கட்டட அஸ்திவாரத்தோடு ஒட்டாத தனிக் கான்கிரீட் திட்டின்மேல் இருக்க வேண்டும். மாடியில் வைப்பதை மறந்துவிடலாம். மாடித்தளம் தானே ஒரு தோல் மேளம்.

கேவிட்டியைத் தாங்கும் விதமும் முக்கியம். வெறுமனே ஒரு வி-பள்ளத்தில் கிடத்தினால் தன் எடையில் வளையும், அதிர்வில் நூறு கோடியில் ஐந்து பங்கு வரை நீளம் மாறும். இது 1 ஜி (புவியீர்ப்பு அளவு) முடுக்கத்துக்கான கணக்கு. கணக்கிட்ட நான்கு புள்ளிகளில் சிறிய ரப்பர் குண்டுகளின்மேல் தாங்கினால் அது ஆயிரம் கோடியில் ஒரு பங்காகக் குறையும். அப்படியிருந்தும் தரை ஆயிரத்தில் ஒரு ஜி அசைந்தால் 19 ஹெர்ட்ஸ் போகும். நான்கு குண்டுகளும் சமமாக எடை தாங்க வேண்டும். ஒன்று தூக்கலாக இருந்தால் கணக்கெல்லாம் வீண்.

ஒளியைக் கேவிட்டிக்குள் சேர்ப்பதும் லேசரின் அதிர்வெண்ணைக் கேவிட்டியின் ஒத்ததிர்வோடு பூட்டுவதும் பவுண்ட்-ட்ரெவர்-ஹால் முறையில். 1983-இல் வெளிவந்த இந்த முறைக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது, இன்னும் பரவலாக வழக்கத்தில் இருப்பது இதுதான். இதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ஹாலுக்கு 2005-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது இதுபோன்ற துல்லிய லேசர் வேலைக்காகத்தான். லேசர் ஒளியை லித்தியம் நியோபேட் மாடுலேட்டர் வழியாக அனுப்பி, 20 மெகாஹெர்ட்ஸில் அதன் கட்டத்தை (அலை தன் சுற்றில் இருக்கும் நிலையை) ஆட்டுவோம். மைய அதிர்வெண்ணின் இருபுறமும் பக்கப்பட்டைகள் (துணை அதிர்வெண்கள்) தோன்றும். ஆட்டத்தின் அளவு 1.08 ரேடியன் இருந்தால் பிழைச்சமிக்ஞையின் (லேசர் ஒத்ததிர்விலிருந்து எவ்வளவு விலகியது என்று காட்டும் மின்சமிக்ஞையின்) சரிவு உச்சத்தில் இருக்கும். அரை அலை வோல்டேஜ் (கட்டத்தை 180 டிகிரி திருப்பத் தேவையானது) 3.5 உள்ள மாடுலேட்டருக்கு உச்சம் 1.2 வோல்ட், அதாவது 50 ஓமில் 15 மில்லிவாட் போதும். பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கவே வேண்டாம். ஒரு பக்கம் சமதளமும் மறுபக்கம் 50 செ.மீ. ஆரமுள்ள குழியாடியும் கொண்ட 10 செ.மீ. கேவிட்டிக்கு, சமதள ஆடியின்மேல் ஒளிக்கற்றையின் ஆரம் 0.31 மி.மீ. இருக்க வேண்டும், லென்ஸை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். திரும்பி வரும் ஒளியை, தளவிளைவுப் பிரிப்பானும் (ஒளி அலை அதிரும் திசையைக் கொண்டு பிரிப்பது) கால் அலைத் தகடும் கொண்டு ஃபோட்டோடையோடுக்குத் திருப்பி, மிக்ஸரில் 20 மெகாஹெர்ட்ஸோடு கலந்தால் பிழைச்சமிக்ஞை வரும்.

மிக்ஸரில் சேரும் இரண்டு சமிக்ஞைகளின் கட்டம் பொருந்தவில்லை என்றால் பிழைச்சமிக்ஞை தட்டையாகவோ கோணலாகவோ இருக்கும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வழக்கமான கோஆக்ஸியல் கேபிளில் 20 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 10 மீட்டர், ஆகவே 2.5 மீட்டர் கேபிளைக் கூட்டினால் 90 டிகிரி திரும்பும். அரை மீட்டர், ஒரு மீட்டர் துண்டுகள் நான்கைந்து கையில் வைத்திருந்தால் அரை மணியில் சரியாகிவிடும். மிக்ஸருக்கு 7 டி.பி.எம். அளவு ஓட்டம் போகிறதா என்றும் பாருங்கள், குறைந்தால் சமிக்ஞை சோர்ந்துவிடும்.

முதன்முதலில் லேசரின் அதிர்வெண்ணை நகர்த்தி ஸ்கேன் செய்யும்போது திரையில் கூர்மையான முகட்டுக்குப் பதில் வால்போல் நெளியும் அலைகள் தெரியும். மாணவர்கள் பயந்து ஆடியைச் சந்தேகிப்பார்கள். ஆடியில் குறை ஏதும் இல்லை. மில்லிநொடிக்கு 150 கிலோஹெர்ட்ஸைவிட வேகமாக ஸ்கேன் செய்தால் உள்ளே தங்கியிருக்கும் ஒளி வெளிவந்து புது ஒளியோடு மோதுகிறது, அவ்வளவே. வேகத்தைக் குறையுங்கள். பூட்டியதும் வேறு இடத்தில் பூட்டிவிட்டதா என்று பாருங்கள். கேவிட்டிக்குப் பின்னால் கேமராவில் ஒற்றைப் பொட்டு தெரிய வேண்டும். இரட்டைப் பொட்டு தெரிந்தால் ஒளி கோணலாக நுழைகிறது. பூட்டிய பின்னும் கசியும் ஒளி எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லையென்றால், பக்கப்பட்டையில் பூட்டியிருக்கும். சர்வோவின் (பிழையைப் பார்த்து லேசரைத் திருத்தும் சுற்றின்) கூட்டல்-கழித்தல் குறியை மாற்றினால் மையத்துக்கு வரும். உள்ளே விடும் ஒளி 50 மைக்ரோவாட் தாண்ட வேண்டாம். 50 மைக்ரோவாட் விட்டாலே உள்ளே 5 வாட் சுற்றும். அதற்கு மேல் போனால் ஆடிப்பூச்சு சூடாகி, ஒளியின் அளவு மாறும்போதெல்லாம் அதிர்வெண்ணும் மாறும்.

சர்வோ மூன்று கைகளால் லேசரைப் பிடிக்கிறது. மெதுவான ஓட்டத்துக்கு லேசரின் வெப்பநிலை, நடுத்தரத்துக்கு, வோல்டேஜ் கொடுத்தால் நீண்டு இழையை இழுக்கும் பீசோ, வேகத்துக்கு, ஒலியலையால் ஒளியின் அதிர்வெண்ணை நகர்த்தும் ஒலியலை மாடுலேட்டர். பீசோவை மட்டும் நம்பி கெயினைக் கூட்டினால், இழையும் பீசோவும் ஒட்டிய இடத்தின் சொந்த அதிர்வில், பல கிலோஹெர்ட்ஸில், எல்லாம் ஊளையிடத் தொடங்கும். பீசோவின் பங்கைச் சில கிலோஹெர்ட்ஸுக்குள் நிறுத்தி, மீதியை ஒலியலை மாடுலேட்டரிடம் கொடுங்கள். அது 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஈடுகொடுக்கும். லேசர் கற்றை மாடுலேட்டரின் ஒலி எழுப்பும் முனைக்கு எவ்வளவு நெருக்கமாகப் போகிறதோ அவ்வளவு நல்லது. ஒலி அந்தப் படிகத்தில் ஒரு மில்லிமீட்டர் கடக்கவே கால் மைக்ரோநொடி ஆகும்.

நாள்பட்ட தொல்லை ஒன்று இருக்கிறது. லித்தியம் நியோபேட் மாடுலேட்டர் கட்டத்தை மட்டும் ஆட்டாமல் ஒளியின் அளவையும் சற்று ஆட்டிவிடும். தளவிளைவுத் திசை படிகத்தின் அச்சோடு சரியாகப் பொருந்தாததுதான் பெரும்பாலும் காரணம். அந்தப் பிசகு வெப்பநிலையோடு நகரும், பூட்டுப் புள்ளியும் கூடவே நகரும். தளவிளைவு காக்கும் இழையின் இணைப்பியில் உள்ள சாவி, மெதுவச்சோடு (ஒளி மெதுவாகச் செல்லும் அச்சோடு) சேர்கிறதா என்று ஒவ்வோர் இணைப்பிலும் சரிபாருங்கள். முன்னும் பின்னும் ஒரு போலரைசர் வையுங்கள், மாடுலேட்டரை வெப்பநிலைக் கட்டுப்பாட்டில் வையுங்கள். இணைப்பியைத் துடைக்காமல் செருகும் பழக்கத்தை முதல் நாளே ஒழிக்க வேண்டும். அதேபோல லேசரிலிருந்து கேவிட்டிக்குப் போகும் இழை நான்கு மீட்டராக இருந்தாலும் அறைச் சத்தத்தை வாங்கிக்கொள்ளும். முனையிலிருந்து ஒளியைத் திருப்பி அனுப்பி, ஒலியலை மாடுலேட்டரால் அந்தச் சத்தத்தைக் கழித்துவிடும் முறை 1994 முதல் வழக்கத்தில் உள்ளது.

இவ்வளவும் செய்து பூட்டியதும் திரையில் பிழைச்சமிக்ஞை சுழியில் கோடுபோல் நிற்கும். உடனே 1 ஹெர்ட்ஸ் சாதித்துவிட்டோம் என்று அறிக்கை எழுதுவதைத் தயவுசெய்து தவிர்க்க வேண்டும். லேசர் கேவிட்டியைப் பின்தொடர்கிறது என்பதை மட்டுமே அந்தக் கோடு சொல்கிறது. கேவிட்டி தானே ஓடினால் லேசரும் கூடவே ஓடும், கோடு அப்படியே நிற்கும். எனவே ஒரே மாதிரி இரண்டு அமைப்புகள் வேண்டும். இரண்டின் ஒளியையும் ஒரு ஃபோட்டோடையோடில் கலந்து விம்மலை (இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசத்தை) பார்க்க வேண்டும். ஒரு கல்லூரிக்கு இரண்டு என்பது கட்டுப்படியாகாது என்றால், இரண்டு கல்லூரிகள் ஆளுக்கொன்று கட்டட்டும்.

இங்கே ஏற்காட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது. வாசகர் சொன்ன குளிருக்காக அல்ல. சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை, கெட்டியான தரை; தறியும் ரயிலும் தொலைவில். அதற்கு எதிராக மரங்களை உலுக்கும் காற்று, கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கவைக்கும் மூடுபனி, அடிக்கடி இடி மின்னல். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி கேவிட்டியை ஜீப்பில் ஏற்றிச் செல்லும்போது கண்ணாடியைத் தனியாகத் தாங்கிப் பிடிக்கும் பூட்டு இல்லாவிட்டால் குண்டுகளிலிருந்து நழுவிவிடும். இரண்டாவது அமைப்பை அங்கே வைத்து, கீழே உள்ளதோடு 30 கி.மீ. ஃபைபரில் இணைக்கலாம். வழியில் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும், அது சமாளிக்கக்கூடியதே. ஒரு பயணத்துக்கு 150 மைக்ரோநொடி ஆவதால் ஃபைபர் இரைச்சலை 1.6 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கழிக்க முடியும். 1,200 மீட்டர் உயர வித்தியாசத்தில் ஈர்ப்பினால் மட்டும் சுமார் 25 ஹெர்ட்ஸ் மாறும் என்பது சுவையான செய்தி. ஆனால் கேவிட்டிகளை மட்டும் வைத்து அதைப் பிரித்தறிய முடியாது. அதற்கு இருபுறமும் அணுக் கடிகாரம் வேண்டும்.

கடைசியாக மின்சாரம். மாதாந்திர பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தினால் மாலையில்தான் வருகிறது. லேசர் அணைந்தால் பரவாயில்லை, மறுபடி பூட்டிக்கொள்ளலாம். அயன் பம்பும் கேவிட்டி ஹீட்டரும் அணைந்தால் வெப்பநிலை பழைய இடத்துக்கு வரச் சில நாட்கள் ஆகும், அதுவரை எந்த அளவீடும் செல்லாது. இவை இரண்டுக்கும் தேவைப்படுவது 60 வாட்டைத் தாண்டாது. எட்டு மணி நேரத்துக்கு 480 வாட்-மணி. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றே தாராளம். அதை மொத்த ஆய்வகத்தின் யு.பி.எஸ்.ஸோடு சேர்க்காமல், இவை இரண்டுக்கு மட்டும் தனி வயர் இழுத்து, அந்த ஸ்விட்சின்மேல் ‘அணைக்காதீர்’ என்று தமிழில் எழுதி ஒட்டிவிடச் சொல்லுங்கள். மாலையில் அறை பூட்டுபவர் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுத்தான் போவார்.

இப்படிக்கு,
ஃபைபர் லேசர் ஆய்வகப் பணியாளர்கள் சிலர்,
சூரமங்கலம், சேலம்.